பட்டாளத்துச் சட்டைக்குள் இருந்த விவசாயி

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கட்சி வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைய வகுப்பில் சீக்கியச் சிப்பாய்களின் சரித்திரத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நூல் நூற்கும் தொழிலாளிக்கும் நாற்று நடும் பெண்ணுக்கும் பஞ்சாப் பட்டாளத்துக் கதை எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

ஆலை வாசலில் வேலைநிறுத்தம் நடக்கிறது. கூலி உயர்வு கேட்டு வயல் வரப்பில் செங்கொடி ஏறுகிறது. அப்போது முதலாளியோ மிராசுதாரோ தானே தடியெடுத்துக்கொண்டு வருவதில்லை. லாரியில் வந்து இறங்குகிறவன் காக்கிச் சட்டைக்காரன். அவன் யார் வீட்டுப் பிள்ளை? நம்மைப் போன்ற ஒரு குடியானவன் வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பிடித்து எதிர்ப்பக்கம் நிறுத்துகிற வித்தையை வெள்ளை ஏகாதிபத்தியம் எப்படிச் செய்தது? அது எங்கே பலித்தது, எங்கே பலிக்காமல் போயிற்று? இதைத் தெரிந்துகொள்ளச் சீக்கியச் சிப்பாயின் சரித்திரம் நல்ல பாடம்.

சிப்பாய்கள் வைத்த பஞ்சாயத்து

பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங் 1839-ல் காலமானார். அதன்பின் லாகூர் தர்பாரில் சர்தார்கள் பதவிக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். அந்தக் குழப்பத்தில் நிலைத்து நின்றது கால்ஸாப் பட்டாளம் ஒன்றுதான். அந்தப் பட்டாளத்தில் சிப்பாய்கள் தங்களுக்குள் ‘பஞ்ச்’ என்ற பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளம் எவ்வளவு, எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிவது என்பதையெல்லாம் அந்தப் பஞ்சாயத்து பேசித் தீர்த்தது. உழுத கையால் துப்பாக்கி பிடித்த குடியானவன் மகன் சர்தாரைக் கேள்வி கேட்டான்.

சர்தார்களுக்கு இது பொறுக்கவில்லை. வெள்ளையனைவிடத் தங்கள் சிப்பாய்களைக் கண்டே அவர்கள் அதிகம் அஞ்சினார்கள். 1845-ல் கும்பினியோடு யுத்தம் மூண்டது. சீக்கியப் படைக்குத் தலைமை வகித்த லால் சிங்கும் தேஜ் சிங்கும் எதிரியோடு ரகசிய உறவு வைத்திருந்தவர்கள். 1846 பிப்ரவரி 10-ம் தேதி, சட்லெஜ் நதிக்கரையில் சோப்ராவுன் என்ற இடத்தில் சிப்பாய்கள் நின்று போராடிக்கொண்டிருந்தபோது, தேஜ் சிங் ஆற்றைக் கடந்து ஓடினார். படகுப் பாலம் உடைந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் குண்டடிபட்டும் வெள்ளத்தில் மூழ்கியும் செத்தார்கள். தேஜ் சிங்குக்கோ பின்னால் ராஜா பட்டம் கிடைத்தது. இரண்டாவது யுத்தமும் முடிந்து, 1849 மார்ச் 29-ம் தேதி பஞ்சாப் முழுவதையும் கும்பினி விழுங்கியது.

அந்த யுத்தங்களில் கும்பினிக்காகச் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் யார்? அயோத்தி, பீகார் பக்கத்துக் குடியானவர்களின் பிள்ளைகள். பஞ்சாபிகள் அவர்களைப் ‘புர்பியா’, அதாவது கிழக்கத்தியான், என்று சொல்வார்கள். எட்டு வருஷம் கழித்து, 1857-ல், அதே புர்பியாச் சிப்பாய்கள் கும்பினிக்கு எதிராக எழுந்தார்கள். உடனே வெள்ளையன் பஞ்சாபுக்கு ஆள் அனுப்பினான். உங்கள் ராஜ்யத்தைப் பறித்தவன் புர்பியாதான், பழிவாங்க இதுவே சமயம் என்று தூண்டினான். டில்லியைச் சூறையாடலாம் என்ற ஆசையையும் காட்டினான். பாட்டியாலா, ஜிந்த், நாபா ராஜாக்கள் வெள்ளையன் பக்கம் நின்றார்கள். சீக்கியச் சிப்பாய்கள் டில்லி முற்றுகைக்குப் போனார்கள்.

பார்த்தீர்களா கணக்கை? கிழக்கத்தியானை வைத்துப் பஞ்சாபியை அடித்தான். பஞ்சாபியை வைத்துக் கிழக்கத்தியானை அடித்தான். இது வடக்கத்தியார் ஏமாந்த கதை என்று நாம் சிரிக்கவேண்டாம். 1806 ஜூலை 10-ம் தேதி வேலூர்க் கோட்டையில் நம் சிப்பாய்கள் எழுந்தபோது, அவர்களை அடக்க ஆர்க்காட்டிலிருந்து பாய்ந்து வந்த குதிரைப்படையில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

பசிக்கு வைத்த பெயர் ‘வீர ஜாதி’

1857-க்குப் பிறகு வெள்ளையன் ஒரு பாடம் படித்துக்கொண்டான். சிப்பாய்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேச இடம் கொடுத்தால் ஆபத்து. ஆகவே ஜாதிவாரியாக, மதவாரியாகப் படைகளைப் பிரித்தான். சீக்கியனுக்கு ஒரு கம்பெனி, பஞ்சாபி முஸ்லிமுக்கு ஒரு கம்பெனி, டோக்ராவுக்கு ஒரு கம்பெனி. ஒருவன் கலகம் செய்தால் மற்றவன் சுடுவான் என்பது திட்டம்.

அதற்குமேல் ஒரு பட்டமும் சூட்டினான். சீக்கியரும் கூர்க்காக்களும் பட்டாணியரும் ‘வீர ஜாதிகள்’ என்றும், மற்றவர்கள் பட்டாளத்துக்கு லாயக்கில்லாதவர்கள் என்றும் சொன்னான். இந்தச் சித்தாந்தத்தின் முக்கியப் புரோகிதர் ராபர்ட்ஸ் பிரபு. அவர் 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்தவர். பிறகு 1893 வரை இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதி. சென்னைச் சிப்பாய் யுத்தத்துக்கு உதவமாட்டான் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். கிளைவ் காலத்திலிருந்து கும்பினிக்கு ராஜ்யம் பிடித்துக்கொடுத்த சென்னைக் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1920-களின் முடிவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் போதாதபோது மறுபடியும் சென்னை ரெஜிமெண்டைத் திரட்டினார்கள். வீரம் ரத்தத்தில் இருப்பதானால், பன்னிரண்டு பதினைந்து வருஷத்தில் அது போய்விட்டுத் திரும்பி வருமா?

சங்கதி வேறு. நிலவரியை ரொக்கமாகக் கட்டு என்றது சர்க்கார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் தவணைக்குப் பணம் வேண்டும். குடியானவன் வட்டிக்கடைக்குப் போனான். அண்ணன் தம்பி பாகத்தில் நிலம் துண்டு துண்டாயிற்று. மால்கம் டார்லிங் என்ற வெள்ளை அதிகாரி பஞ்சாப் விவசாயியின் கடனைப் பற்றி 1925-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். பெரும்பாலான நிலக்காரர்கள் கடனாளிகள் என்று அவரே கணக்குக் காட்டினார். இந்தக் கடனை அடைக்க வீட்டுக்கு ஒரு பிள்ளை பட்டாளத்துக்குப் போனான். 1914-ல் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். அந்த 11 ரூபாய்க்காகப் போனவனுக்குத்தான் ‘வீர ஜாதி’ என்று பட்டம்.

அவன் வீரன் அல்ல என்று நான் சொல்லவரவில்லை. 1897 செப்டம்பர் 12-ம் தேதி சாராகடி என்ற மலைக்காவல் சாவடியில் 36-வது சீக்கியப் படையைச் சேர்ந்த 21 பேர் ஆயிரக்கணக்கான எதிரிகளை எதிர்த்து நின்று, ஒருவர் மிஞ்சாமல் செத்தார்கள். அந்த நெஞ்சுரத்தை யார் மறுக்க முடியும்? ஆனால் அவர்கள் காத்து நின்ற மலை யாருடையது? அப்ரீதி, ஓரக்ஸாய் மக்களுடையது. அங்கே சாவடி கட்டியவன் வெள்ளையன். தன் மண்ணைப் பறிகொடுத்த பஞ்சாபி, தன் மண்ணைக் காக்க வந்த பட்டாணியனோடு மோதிச் செத்தான். விக்டோரியா சிலுவை என்ற மிகப் பெரிய பதக்கம் 1911 வரை இந்தியச் சிப்பாய்க்குக் கிடையாது. உயிர் கொடுக்கலாம், அந்தப் பதக்கத்தை மட்டும் தொடக்கூடாது.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சீக்கியர்களிலும் தீண்டப்படாதவர்களாக நடத்தப்பட்ட மக்கள் உண்டு. மஸ்பி சீக்கியர் என்று பெயர். அவர்களை ‘பயனீர்’ படைகளில் சேர்த்தார்கள். துப்பாக்கியோடு கடப்பாரையும் மண்வெட்டியும் சுமந்து, எல்லைப்புறத்து மலைகளில் ரோடு போட்டவர்கள் அவர்கள். ஆனால் 1900-ல் வந்த பஞ்சாப் நிலச் சட்டம், விவசாயச் சாதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, நிலம் வாங்கும் உரிமையை அவர்களுக்கே ஒதுக்கியது. மஸ்பிகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 1933-ல் சிக்கனம் என்று சொல்லிச் சீக்கியப் பயனீர் படைகளைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த யுத்தம் வந்ததும் திரும்பக் கூப்பிட்டார்கள். சீசனுக்கு ஆள் எடுத்து, சீசன் முடிந்ததும் கணக்குத் தீர்க்கிற முதலாளிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடல் கடந்த காவல்

இப்படித் திரட்டிய சிப்பாயைக் கொண்டு ஏகாதிபத்தியம் பாதி உலகத்தைக் காவல் காத்தது. 1860-ல் சீனாவின் மீது இரண்டாவது அபினி யுத்தம் நடந்தபோது சீக்கியப் படைகள் பீகிங் வரை போயின. 1900-ல் சீன மக்கள் அந்நியரை எதிர்த்து எழுந்தபோதும் போயின. ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் தலைப்பாகை கட்டிய சீக்கியப் போலீஸ்காரனை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளிக்கு ஏகாதிபத்தியத்தின் முகமாகத் தெரிந்தவன் அவன்தான்.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே, இதைக் கேளுங்கள். 1925 மே மாதம் ஷாங்காயில் ஒரு ஜப்பானியப் பஞ்சாலையில் தகராறு. கு செங்ஹோங் என்ற தொழிலாளித் தோழர் சுடப்பட்டு மாண்டார். நியாயம் கேட்டு மே 30-ம் தேதி மாணவர்களும் தொழிலாளர்களும் நான்கிங் ரோட்டில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் நிலையத்து வாசலில் ஒரு வெள்ளை இன்ஸ்பெக்டர் ‘சுடு’ என்றார். சுட்டவர்கள் சீக்கியப் போலீஸ்காரர்களும் சீனப் போலீஸ்காரர்களும். ஆலை ஜப்பானியனுடையது, உத்தரவு ஆங்கிலேயனுடையது, பிணம் சீனனுடையது, விசையை இழுத்த விரலோ பஞ்சாப் விவசாயியின் விரல், சீன ஏழையின் விரல். ஏகாதிபத்தியம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நாளைச் சொன்னால் போதும்.

யுத்தமும் அதன் பரிசும்

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. அந்தக் காலத்தில் இந்திய ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்தான் சீக்கியர். ராணுவத்திலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சீக்கியர். யுத்தம் முடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் சீக்கியர்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். பஞ்சாப் கவர்னர் ஓட்வையர் ஜில்லாவுக்கு இவ்வளவு ஆள் என்று கணக்கு வைத்தார். ஜெயில்தார்களும் லம்பர்தார்களும், நம் ஊரில் மணியக்காரர் மாதிரி, கிராமம் கிராமமாக ஆள் பிடித்தார்கள். ஆள் கொடுக்காத கிராமத்துக்குத் தொல்லை கொடுத்தார்கள்.

பிரான்சின் குளிரிலும் சேற்றிலும், நூவ் ஷாப்பெல்லிலும், துருக்கியின் கலிப்போலியிலும் அவர்கள் செத்தார்கள். 1915 ஜூன் 4-ம் தேதி கலிப்போலியில் 14-வது சீக்கியப் படை ஒரே நாளில் தன் ஆட்களில் பெரும்பகுதியைப் பறிகொடுத்தது. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ராணுவ அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். ஆகவே சிப்பாய்கள் மறைமொழியில் எழுதினார்கள். கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது என்று எழுதினால், இந்தியச் சிப்பாய்கள் மாண்டுபோனார்கள், இனி யாரும் வராதீர்கள் என்று அர்த்தம். அந்த யுத்தத்தில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் 74 ஆயிரத்துக்கும் மேல்.

திரும்பி வந்தவனுக்கு என்ன பரிசு? விலைவாசி ஏற்றம், விஷ ஜுரம், ரௌலட் சட்டம். 1919 ஏப்ரல் 13-ம் தேதி, வைசாகித் திருநாளில், அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் 50 துப்பாக்கிக்காரர்களை நிறுத்தி, கூடியிருந்த மக்கள்மீது 1,650 ரவுண்டு சுடவைத்தான். சர்க்கார் ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 379. அந்த 50 பேரில் ஒருவர்கூட வெள்ளையர் அல்ல. கூர்க்காக்களும் இந்தியச் சிப்பாய்களும்தான். மறுநாள் குஜ்ரன்வாலாவில் ஆகாயவிமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். ஒரு லட்சம் பிள்ளைகளை அனுப்பிய மண்ணுக்கு ராஜவிசுவாசத்தின் கூலி அது!

துப்பாக்கி திரும்பிய கதை

இதுவரை வித்தை பலித்த கதையைச் சொன்னேன். இனி அது பலிக்காமல் போன கதை.

யுத்தத்துக்கு முன்பே விரிசல் விழுந்துவிட்டது. 1907-ல் கால்வாய்ப் பாசனக் குடியேற்றங்களில், சர்க்கார் கொடுத்த நிலத்தின்மீது விவசாயியின் உரிமையைக் குறைக்க ஒரு மசோதா வந்தது. அஜித் சிங் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். இவர் பகத் சிங்கின் சிற்றப்பா. அந்த விவசாயிகளின் பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் பட்டாளத்தில் இருந்தார்கள். கிராமத்துக் கோபம் பாரக்கில் நுழைவதைக் கண்டு சர்க்கார் நடுங்கியது. அஜித் சிங்கை நாடு கடத்தியது. ஆனால் மசோதாவையும் வைஸ்ராய் நிராகரித்தார். வயலும் பாரக்கும் ஒன்றாக அசைந்தால் வைஸ்ராயும் இறங்கி வருவார் என்பது அன்றே தெரிந்தது.

பென்ஷன் வாங்கிய சிப்பாய்கள் பலர் பிழைப்புத் தேடி கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். மர அறுவை ஆலைகளில் கூலி வேலை. சக்கரவர்த்திக்காகச் சண்டையிட்ட பதக்கம் மார்பில் தொங்கியது. வெள்ளைக்காரன் தெருவில் காறித் துப்பினான். 1909-ல் வாங்கூவர் குருத்வாராவில் அவர்கள் கூடி, இந்தப் பதக்கங்களை இனி அணிவதில்லை என்று முடிவு செய்தார்கள். சிலர் பட்டாளத்துச் சான்றிதழ்களைத் தீயில் போட்டார்கள். 1914-ல் கோமகட்டா மாரு கப்பலில் போன 376 பேரில் பெரும்பாலோரைக் கரையிறங்கவிடாமல் கனடா திருப்பியனுப்பியது. திரும்பி வந்தவர்களைக் கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் பிரிட்டிஷ் சர்க்கார் சுட்டது.

இந்தத் தொழிலாளர்கள்தான் 1913-ல் கதர் கட்சியைக் கட்டினார்கள். நாம் உடுத்தும் கதர் என்று எண்ணிவிடாதீர்கள். உருது மொழியில் இந்தச் சொல்லுக்குக் கலகம் என்று பொருள். அதன் தலைவர் சோஹன் சிங் பக்னா ஒரு விவசாயி. அங்கே மர ஆலைத் தொழிலாளி. யுத்தம் மூண்டதும் அவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியா திரும்பிப் பாரக்குகளுக்குள் நுழைந்தார்கள். 1915 பிப்ரவரியில் லாகூரிலும் பெரோஸ்பூரிலும் சிப்பாய்கள் எழுவதாக ஏற்பாடு. ஒரு துரோகியின் மூலம் போலீஸ் மோப்பம் பிடித்துவிட்டது. 23-வது குதிரைப்படையைச் சேர்ந்த 12 சிப்பாய்களைத் தூக்கிலிட்டார்கள். 19 வயது கர்த்தார் சிங் சராபாவை நவம்பர் 16-ம் தேதி தூக்கிலிட்டார்கள். பக்னா பதினைந்து வருஷத்துக்குமேல் சிறையில் கிடந்தார். வெளியே வந்தபின் விவசாயிகள் சங்கத்திலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் பாடுபட்டு, 1968-ல் மறைந்தார்.

1922-ல் குரு கா பாக் போராட்டம். மகந்தின் பிடியிலிருந்த குருத்வாரா நிலத்தில் விறகு வெட்டினார்கள் என்று அகாலிகளைப் போலீஸ் நாள்தோறும் தடியால் அடித்து வீழ்த்தியது. பிரான்சில் ஜெர்மானியனை எதிர்த்து நின்ற மாஜிச் சிப்பாய்கள் அங்கே கை ஓங்காமல் வரிசையாக நின்று அடி வாங்கினார்கள். பென்ஷன் வாங்கும் சிப்பாய்கள் தனி அணியாகவே வந்து கைதானார்கள். 1930 ஏப்ரல் 23-ம் தேதி பெஷாவரில் நிராயுதபாணிகளான பட்டாணியரைச் சுடமாட்டோம் என்று கட்வாலிச் சிப்பாய்கள் மறுத்தார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த சந்திர சிங் கட்வாலி ஆயுள் தண்டனை பெற்றார், பிற்காலத்தில் கம்யூனிஸ்டானார்.

கதர் கட்சியின் மிச்சத்திலிருந்து ‘கிர்த்தி’ இயக்கம் பிறந்தது. கிர்த்தி என்றால் உழைப்பாளி. அந்தத் தோழர்கள் லீவில் வந்த சிப்பாயோடு கிராமத்தில் உட்கார்ந்து பேசினார்கள். 1940-ல் பம்பாயில் கப்பலேற நின்ற மத்திய இந்தியக் குதிரைப்படையின் சீக்கிய அணி, நாங்கள் ஏறமாட்டோம் என்றது. நால்வரைத் தூக்கிலிட்டார்கள், பலரை அந்தமானுக்கு அனுப்பினார்கள். 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த சீக்கியச் சிப்பாயின் பக்கத்தில், மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் தமிழ்த் தொழிலாளியும் நின்றான். ராபர்ட்ஸ் பிரபுவின் கணக்கில் ஒருவன் ‘வீர ஜாதி’, இன்னொருவன் கூலி. 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆலைகளை நிறுத்திவிட்டு அவர்களுக்காக வீதிக்கு வந்தார்கள். சிப்பாயின் துப்பாக்கியை இனி நம்ப முடியாது என்பது வெள்ளையனுக்கு விளங்கிவிட்டது.

நமக்குள்ள பாடம்

ஆனால் தோழர்களே, கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1947-ல் பஞ்சாப் பிளந்தபோது, யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பலர், சீக்கியரும் முஸ்லிம்களும் இந்துக்களும், கற்ற வித்தையை ஒருவர்மீது ஒருவர் காட்டினார்கள். வெள்ளையன் கம்பெனி கம்பெனியாகப் பிரித்து வைத்த பிரிவினை கிராமத்துத் தெருவில் ரத்தமாக ஓடியது. வர்க்க உணர்வு போய்ச் சேராத இடத்தில் ஜாதியும் மதமும் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை ஒருநாளும் மறக்கக்கூடாது.

வெள்ளையன் போனான்; பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வறுமை போகவில்லை. 2022-ல் ‘அக்னிபத்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நாலு வருஷத்துக்குப் பட்டாள வேலை. பிறகு நூற்றுக்கு 25 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது. ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. காண்டிராக்ட் முறை ஆலையைத் தாண்டிப் பாரக்குக்குள்ளும் போய்விட்டது. அதற்கு முந்திய வருஷம்தான், 2021-ல், டில்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்து மூன்று வேளாண் சட்டங்களை விவசாயிகள் முறியடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் பஞ்சாபின் மாஜிச் சிப்பாய்கள் மார்பில் பதக்கங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பாட்டன்மார் பிடித்த வழிதான் அது.

ஆகவே நம் வேலை என்ன? காக்கிச் சட்டையைக் கண்டதும் விரோதி என்று முகம் திருப்புவது சுலபம். அது முதலாளிக்குச் சௌகரியம். உங்கள் ஊரில் லீவுக்கு வரும் பட்டாளத்துப் பையன் இருப்பான். பென்ஷனுக்கு அலையும் மாஜிச் சிப்பாய் இருப்பார். சங்கம் வைக்க உரிமையில்லாத போலீஸ்காரனின் தாய் தகப்பன் உங்களோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவார்கள். அவர்களோடு பேசுங்கள். மாஜிச் சிப்பாயின் பென்ஷன் மனுவை எழுதிக்கொடுங்கள். கூலி உயர்வுக் கூட்டத்துக்கு அந்தத் தாய் தகப்பனையும் அழைத்து வாருங்கள். மகனிடம் அவர்கள் சொல்லுவார்கள்.

கதர் கட்சித் தோழர்கள் பாரக்குக்குள் போனது அப்படித்தான். கையில் ஒரு பத்திரிகை, வாயில் நாலு உண்மை. அவ்வளவே அவர்களிடம் இருந்த ஆயுதம். அதற்காக அவர்கள் கழுத்தைக் கொடுத்தார்கள். நமக்குத் தேவைப்படுவது கொஞ்சம் பொறுமையும் நாள்தோறும் செய்யும் வேலையும்தான். அதைச் செய்வோம், தோழர்களே!

இன்குலாப் ஜிந்தாபாத்!